ஆறு பாட்டும் ஒரு ரிசார்ட்டும்

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பகலில் தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் வேலை, ராத்திரி கிட்டாரும் பாட்டும். சேமிப்பிலிருந்து 70,000 ரூபாய் எடுத்து, கோயம்புத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் ஆறு பாட்டு பதிவு பண்ணி வைத்திருக்கிறார். நான்கு அவரே எழுதி மெட்டுப் போட்டது, ஒன்று பாட்டி பாடக் கேட்ட, நீலகிரிப் படுகர் மொழியான படுகுப் பாட்டு, இன்னொன்று பழைய சினிமாப் பாட்டை அவர் பாணியில் பாடியது. இனி அவர் வார்த்தையில்: "அக்கா, முதலில் சும்மா கொடு, பேர் வரட்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஓசியில் கொடுத்தால் ஒருத்தனும் மதிக்க மாட்டான் என்கிறார் மாமா. இதற்கு நடுவில் ஒரு ரிசார்ட்டில், சீசன் முடியும் வரை சனி ஞாயிறு சாயங்காலம் வந்து பாடு, சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு, வெளியூர் ஆட்கள் நிறைய வருவார்கள், உனக்கு நல்ல விளம்பரம் என்று கூப்பிடுகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?"

தம்பி, நண்பர்களும் மாமாவும் சண்டை போடுகிற மாதிரி தெரிகிறதே தவிர, அவர்கள் பேசுவது இரண்டு வேறு விஷயம். நண்பர்கள் சொல்வது பதிவான பாட்டைப் பற்றி. ஒரு தடவை பதிவு பண்ணிவிட்டால் அதை ஒருவருக்குக் கொடுத்தாலும் பத்தாயிரம் பேருக்குக் கொடுத்தாலும் உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை. மாமா சொல்வது உங்கள் உழைப்பைப் பற்றி, அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். நீங்கள் ஒரு இடத்துக்குப் போய் மூன்று மணி நேரம் நின்று பாடினால் அந்த மூன்று மணி நேரம் திரும்பி வராது. அதனால் என் பதில் இரண்டு துண்டு: பாட்டில் சிலதை இலவசமாகக் கொடுங்கள், ரிசார்ட்டுக்குச் சும்மா போகாதீர்கள்.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் "விற்றால் காசு வரும், கொடுத்தால் வராது" என்ற நினைப்பிலிருந்துதான் இந்தக் குழப்பமே வருகிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு விதி இருக்கிறது. முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டின் பதிவுக்கு ராயல்டி கணக்கே தொடங்காது. உங்கள் ஆறு பாட்டும் தலைக்கு 600 தடவை ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பாடகருக்கு அது மோசமான எண்ணிக்கை இல்லை, மொத்தம் 3,600. கையில் வருவது பூஜ்யம். யூடியூபில் விளம்பரப் பங்கு வேண்டுமானால் 1,000 சந்தாதாரர், அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். அதுவரைக்கும் உங்கள் வீடியோவில் விளம்பரம் ஓடாது என்று நினைக்காதீர்கள், 2020 கடைசியிலிருந்தே அவர்கள் சின்ன சேனல்களிலும் விளம்பரம் போட்டுக்கொள்ளலாம், பங்கு மட்டும் உங்களுக்கு இல்லை. ஆக அங்கே போட்ட நிமிடமே உங்கள் பாட்டு இலவசம்தான். கேட்பவர் யார், எந்த ஊர், அடுத்த பாட்டு வந்தால் அவருக்கு எப்படிச் சொல்வது என்று எதுவும் உங்களுக்குத் தெரியாது. அதே பாட்டை நீங்களே கையில் கொடுத்தால் குறைந்தபட்சம் அந்த ஆளின் போன் நம்பராவது உங்களிடம் இருக்கும்.

நீங்கள் தேயிலை ஃபேக்டரியில் இருப்பதால் இது சுலபமாகப் புரியும். குன்னூர் ஏலத்துக்குப் போகிற சரக்கிலிருந்து சாம்பிள் எடுத்து முன்கூட்டியே வாங்குபவர்களுக்கு அனுப்புகிறார்கள் இல்லையா, குடித்துப் பார்க்காமல் ஒருத்தரும் விலை சொல்வதில்லை. அந்த சாம்பிளுக்கு யாரும் பில் போடுவதும் இல்லை. ஆனால் எந்த ஃபேக்டரி, எந்த கிரேடு, எந்த லாட் என்று எழுதாமல் ஒரு பொட்டலம் வெளியே போகுமா? இலவசப் பாட்டில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். எம்பி3 ஃபைலை வாட்ஸாப்பில் ஆடியோவாக அனுப்பினால், எதிராளி போனில் பெரும்பாலும் தேதியும் நம்பரும் சேர்ந்த ஒரு பெயரில்தான் அது சேமிப்பாகும், நீங்கள் வைத்த தலைப்பு காணாமல் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் ஃபைல் பெயர் அப்படியே போகும். அதைவிட முக்கியம், ஃபைலுக்கு உள்ளேயே டேக் என்று ஒன்று இருக்கிறது, பாடகர் பெயர், பாட்டுப் பெயர், வருஷம், சின்னப் படம், ஒரு குறிப்பு எல்லாம் அதில் எழுதலாம். அந்தக் குறிப்பில் உங்கள் சேனல் பெயரையும், தொழிலுக்கென்று தனியாக வாங்கிய நம்பரையும் போட்டுவிடுங்கள். வீட்டு நம்பர் வேண்டாம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "ப்ரோ செம்ம சாங்" என்று கூப்பிடுவார்கள்.

நம் மலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, கீழே இருப்பவர்களுக்கு இது தோன்றாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எத்தனை வளைவில் சிக்னல் போகிறது என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இங்கே டாக்ஸி, ஜீப், மினி பஸ் ஓட்டுகிறவர்களில் பலர் இன்னும் பென் டிரைவை நம்புகிறார்கள். ஸ்ட்ரீமிங் ஆப்பில் மட்டும் இருக்கிற பாட்டு அந்த வண்டியில் ஒலிக்காது, கையில் ஃபைலாக இருக்கிற பாட்டு ஒலிக்கும். சீசனில் ஒரு டாக்ஸிக்காரர் ஒரு நாளில் எத்தனை குடும்பங்களைத் தொட்டபெட்டாவுக்கும் கொடநாடு வியூ பாயிண்ட்டுக்கும் கூட்டிப்போகிறார்! அவர் வண்டியில் உங்கள் பாட்டு ஒன்று இருந்து, பின்சீட்டில் இருக்கிற பெண் "இது யார் பாட்டு அண்ணா?" என்று கேட்டு, அவர் உங்கள் பெயரைச் சொன்னால், அந்த ரிசார்ட்காரர் தருவதாகச் சொல்கிற விளம்பரம் அதுதான், நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிடைக்கிறது. கோத்தகிரி மார்க்கெட் ஸ்டாண்டில் தெரிந்த டிரைவர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம்.

இலவசமாகக் கொடுத்துப் பெரிய ஆளானவர்கள் கதை நிறைய சொல்வார்கள், கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கேளுங்கள். 2007-ல் ரேடியோஹெட் என்ற இங்கிலாந்துக் குழு, விரும்பிய விலை கொடுங்கள், பூஜ்யம் என்றாலும் சரி என்று புது ஆல்பத்தை இணையத்தில் விட்டது. அதைச் சொல்கிறவர்கள், அதற்கு முன்பே பல வருஷம் ஒரு பெரிய கம்பெனியின் காசில் உலகம் முழுக்க அவர்கள் பெயர் பரவியிருந்தது என்பதைச் சொல்வதில்லை. அடுத்த வருஷம் நைன் இன்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்கக் குழு செய்தது எனக்கு இன்னும் சுவாரசியமானது. 36 வாத்திய இசைத் துண்டுகள், முதல் 9 இலவசம், மொத்தமும் டவுன்லோடாக வேண்டுமானால் 5 டாலர், அதற்குமேல் படிப்படியாக விலை ஏறி, கடைசியில் கையெழுத்திட்ட பெட்டி ஒன்று 300 டாலர். அந்தப் பெட்டி 2,500 மட்டும்தான் போட்டார்கள், சில நாளில் தீர்ந்துபோனது. பெருக்கிப் பாருங்கள், 7,50,000 டாலர். அவர்களும் புதியவர்கள் இல்லை, ஆனால் அந்த அமைப்பு உங்களுக்கும் பொருந்தும்: இலவசம் ஒரு வாசல், உள்ளே வந்தவர் வாங்குவதற்கு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். வாங்க எதுவுமே வைக்காமல் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டு "ஜனங்கள் ஆதரிக்கவில்லை" என்று புலம்புகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பெயரே இல்லாமல் ஆரம்பித்தவர் என்றால் சிகாகோவின் சான்ஸ் த ராப்பர். 2012, 2013-ல் இரண்டு தொகுப்புகளை இலவசமாகவே விட்டார், கச்சேரியிலும் டி-சர்ட்டிலும் சம்பாதித்தார், 2017-ல் ஸ்ட்ரீமிங்கில் மட்டுமே வந்த ஒரு ஆல்பத்துக்கு கிராமி வாங்கினார். இவர் கதையில் எனக்குப் பிடித்தது அந்த விருது இல்லை. 2013 தொகுப்பை 2019-ல் ஸ்ட்ரீமிங்குக்குக் கொண்டுவரும்போது ஒரு பாட்டை மட்டும் அவரால் போட முடியவில்லை, அதில் வேறொருவர் இசையிலிருந்து எடுத்த துண்டு ஒன்று இருந்தது, அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. இலவசம்தானே என்று அன்றைக்கு ஓடியது, ஆறு வருஷம் கழித்து வந்து வழிமறித்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால் உங்கள் ஆறாவது பாட்டு. சினிமாப் பாட்டை நீங்கள் பாடிப் பதிவு பண்ணியிருக்கலாம், உங்கள் குரலாக இருக்கலாம், ஆனால் வரியும் மெட்டும் உங்களுடையவை அல்ல. காசு வாங்காமல் கொடுத்தால் பிரச்சினை இல்லை என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது, சட்டத்தில் அப்படி ஒரு சலுகை இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு மறுபதிவுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது, முதல் பதிவு வந்து ஐந்து வருஷம் கழிந்திருக்க வேண்டும், உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்து, வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி கட்ட வேண்டும். உங்களுக்கும் எனக்கும் அது ஆகிற காரியமில்லை. அந்தப் பாட்டை யூடியூபில் வீடியோவாக மட்டும் வையுங்கள், இசை கம்பெனி உரிமை கோரி விளம்பரக் காசை எடுத்துக்கொள்ளும், அல்லது எடுத்துவிடச் சொல்லும், இரண்டுக்கும் தயாராக இருங்கள். டவுன்லோடு ஃபைலாக யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பாட்டி பாட்டு வேறு வகை. சட்டம் உங்களை ஒன்றும் செய்யாமல் போகலாம், ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பெரியவர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஹெத்தையம்மன் பண்டிகையில் பாடுகிற பாட்டா, வீட்டில் பாடுகிற தாலாட்டா, யாராவது ஒருவர் எழுதி முன்பு கேசட்டில் வந்ததா என்று முதலில் விசாரியுங்கள். கேசட் காலத்திலேயே படுகுப் பாட்டுகள் ஏராளமாக வந்திருக்கின்றன, பாட்டி வாயில் கேட்டதால் மட்டும் அது ஆதிகாலத்துப் பாட்டு ஆகிவிடாது. மரபுப் பாட்டுதான் என்று தெரிந்தால் "படுகர் மரபுப் பாட்டு, இசை ஒழுங்கு இன்னார்" என்று போடுங்கள், பாட்டியின் பெயரையும் அவர் சம்மதித்தால் சேருங்கள். இந்த ஒரு பாட்டை விற்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஊருடைய பாட்டை ஊருக்கே விலைபோட்டு விற்றால் உங்கள் மாமா சொன்ன மதிப்பு நிஜமாகவே போய்விடும். இலவசமாகக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. கோத்தகிரியிலேயே சமூக வானொலி இருக்கிறது, 90.4, அவர்களிடம் போய்க் கேளுங்கள், ஊட்டி வானொலி நிலையத்துக்கும் எழுதிப் பாருங்கள். அப்படியே கொடைக்கானல் பண்பலை 100.5-க்கும் உங்கள் தமிழ்ப் பாட்டு ஒன்றை அனுப்புங்கள், மலை உச்சியில் கோபுரம் இருப்பதால் அது கீழே மதுரை, தேனி, திண்டுக்கல் வரை கேட்கிறது.

மீதி நான்குதான் உங்கள் முழுச் சொத்து. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டை இலவசமாக விடுவேன், ஒரே நாளில் இல்லை, ஒன்று சீசன் தொடங்கும்போது, இன்னொன்று இரண்டு மாதம் கழித்து. நல்ல பாட்டு எதுவோ அதைத்தான் முதலில் விட வேண்டும், மிச்சம் மீதியை இலவசமாகத் தள்ளிவிட்டு நல்லதை விலைக்கு வைத்தால் மிச்சத்தைக் கேட்டவர் அதோடு போய்விடுவார். சென்னையில் மார்கழி சபாக்களில் மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, இளையவர்கள் பாடுவார்கள், அங்கே யாரும் அரைமனதோடு பாடுவதில்லை. மீதி இரண்டையும் மேடையில் மட்டும் பாடுங்கள். இல்லையென்றால் பாடகர்களே நேரடியாகப் பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் குறைந்த விலை வைத்தும் போடலாம், அங்கே டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் பங்கு 15 சதவீதம். விலை பூஜ்யம் என்று வைத்தால் மாதம் 200 இலவச டவுன்லோடு வரைக்கும்தான் என்பதைக் கவனியுங்கள், இலவசத்துக்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் ஈமெயில் பார்ப்பது குறைவு, அதனால் இலவசப் பாட்டு வேண்டுபவர் உங்களுக்கு வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்பட்டும், நீங்கள் ஃபைலை அனுப்புங்கள், உங்கள் நம்பரை சேமித்துக்கொள்ளவும் சொல்லுங்கள். பிராட்காஸ்ட் லிஸ்டில் போடுகிற செய்தி, உங்கள் நம்பரை சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஃபைலோடு யூபிஐ க்யூஆர் ஒன்றும் போகட்டும், "விருப்பமிருந்தால்" என்ற ஒரு வரியோடு. அதற்கு மேல் கெஞ்ச வேண்டாம்.

உரிமையைப் பற்றி பயம் வேண்டாம். பாட்டை இலவசமாகக் கொடுப்பதால் உரிமை போகாது. 1957 சட்டப்படி எழுதிப் பதிந்ததுமே உரிமை உங்களுடையது, பதிவு அலுவலகத்தில் போய் எழுதினால்தான் என்று இல்லை. ஆனால் கீபோர்டு வாசித்தவர், இசை ஒழுங்கு செய்தவர், ஸ்டூடியோ ஆகியோரிடம் "பணம் பெற்றுக்கொண்டோம், பதிவு இன்னாருடையது" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அதில் காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளும், நாடு எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளும், எனவே இரண்டையும் எழுதுங்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தருகிற க்ரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாத உரிமம் அது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். எனக்கு அதைவிட நேரான தமிழில் நான்கு வரி பிடிக்கும்: கேட்கலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம், வீட்டு விசேஷ வீடியோவில் என் பெயரோடு வைத்துக்கொள்ளலாம், விளம்பரத்துக்கும் சினிமாவுக்கும் வியாபார வீடியோவுக்கும் என்னிடம் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்ட்ரீமிங்குக்குப் பாட்டை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் தளங்களில் "கண்டெண்ட் ஐடி வேண்டுமா" என்று ஒரு கட்டம் இருக்கும், யூடியூபில் உங்கள் பாட்டு யார் வீடியோவில் வந்தாலும் தானாகக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு அது. அதைத் தட்டிவிட்டு, இன்னொரு பக்கம் கல்யாண வீடியோக்காரர்களிடம் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றால், அவர்கள் வீடியோவை யூடியூபில் ஏற்றியதும் உங்கள் பெயரிலேயே உரிமைக் கோரிக்கை போய் நிற்கும். அவர் அப்புறம் உங்கள் பாட்டைத் தொடவே மாட்டார். ஆனாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூலமாக, இலவசமாக விடப்போகிற இரண்டு பாட்டையும் முதலில் உங்கள் பெயரில் வெளியிட்டுவிடுங்கள், ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமான ஐஎஸ்ஆர்சி எண் கிடைக்கும், தேதியோடு பதிவு இருக்கும். இலவசமாகச் சுற்றுகிற பாட்டை வேறொருவன் தன் பெயரில் ஏற்றுவது நடக்காத விஷயம் இல்லை. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தருகிற ஐபிஆர்எஸ் என்ற அமைப்பில் சேர்கிற எண்ணம் இருந்தால், சேர்ந்த பிறகு எந்த உரிமையை நீங்களாக இலவசமாகத் தர முடியாது என்பதைக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

இனி ரிசார்ட். ஏப்ரல், மே இரண்டு மாதமும் சனி ஞாயிறு என்றால் 16 முதல் 18 சாயங்காலம். பாட்டை இலவசமாகக் கொடுக்கிறவன் பாடவும் சும்மா வருவான் என்று அவர்கள் நினைக்கிறார்கள், இரண்டும் ஒன்றில்லை. சீசனுக்குக் கூடுதலாக ஒரு சமையல்காரரைக் கூட்டி வந்தால் "வெளியூர்க்காரர்கள் உன் குருமாவைச் சாப்பிடுவார்கள், உனக்கு விளம்பரம்" என்று சொல்லிப் பார்க்கட்டுமே! நீங்கள் பாடுவதால் அவர்களுடைய ஒரு சாயங்காலம் நன்றாக இருக்கிறது, அதற்குச் சேர்த்துத்தான் விருந்தினரிடம் வாங்குகிறார்கள். யாரும் காசு பார்க்காத இடத்தில், பண்டிகையில், பள்ளி விழாவில், சிநேகிதன் கல்யாணத்தில், சும்மா பாடுங்கள், அது உங்கள் இஷ்டம். ரிசார்ட்டுக்கு மரியாதையாக ஒரு பதில் எழுதுங்கள்: ஒரு சாயங்காலத்துக்கு இவ்வளவு, போகவர வண்டி உங்கள் பொறுப்பு, மேசைகளில் என் க்யூஆர் அட்டை வைப்பேன், நான் பாடுவதை வீடியோ எடுத்து உங்கள் விளம்பரத்தில் போட வேண்டுமானால் தனியாகப் பேச வேண்டும். தொகை எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒரு நாள் ஆபீஸ் சம்பளத்துக்குக் கீழே இறங்காதீர்கள், பனியில் ராத்திரி திரும்பி வருவதற்கு அதன்மேல் கொஞ்சம் சேருங்கள். கட்டாது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இரண்டாவது சீசனுக்கு வேறு இடம் வரும். இடம் எப்படி என்று பார்க்க ஒரே ஒரு சாயங்காலம் போக வேண்டும் போலிருந்தால் போங்கள், அது ஒன்றுதான் என்று முதலிலேயே எழுத்தில் சொல்லிவிட்டு.

கடைசியாக, நீங்கள் கடிதத்தில் கேட்காத ஒன்று. கோயம்புத்தூர் ஸ்டூடியோவில் எம்பி3 மட்டும் வாங்கி வந்திருந்தால், திரும்பப் போய், தரம் குறையாத வேவ் ஃபைலும், குரல் இல்லாத ட்ராக்கும், வாத்தியம் வாத்தியமாகப் பிரித்த ஃபைல்களும் கேட்டு வாங்குங்கள். 70,000 கொடுத்தது அதற்கும் சேர்த்துத்தான். சினிமாவுக்கோ விளம்பரத்துக்கோ யாராவது விலைக்குக் கேட்டால் அதைத்தான் கேட்பார்கள், மேடையில் தனியாகப் பாடவும் குரலில்லாத ட்ராக் வேண்டும். இரண்டு இடத்தில் காப்பி வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதமே போய்விடுங்கள், ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் பல ஸ்டூடியோக்கள் பழைய வேலையைக் கேட்காமலே அழித்துவிடும்.